இடது பக்கம் திறந்த சங்கு

போன வாரம் இங்கே படம் போடுகிற உங்களில் ஒருவரிடம் நான் கத்திவிட்டேன். பாடப்புத்தகத்துக்கான சங்குப் படம் அது. பக்கத்தின் வலது ஓரத்தில் படம், இடது பக்கம் முழுக்க எழுத்து. சங்கின் வாய் எழுத்தைப் பார்த்தபடி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அந்தப் பெண் திரையில் ஒரு தட்டுத் தட்டினார். சங்கு அப்படியே திரும்பிக்கொண்டது.

"யாரைக் கேட்டும்மா திருப்பினே?" என்று நான் போட்ட சத்தம் கீழே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "அழகா இருக்கும்னுதான் சார்..." என்றார் அந்தப் பெண். முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இல்லை, நான்தான்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற பிறகும் சரிபார்க்க வருகிறேன் பேர்வழி என்று வந்து உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் விரட்டுகிறேன். ஆனால் அன்றைக்கு வந்த கோபம் அந்தப் பெண் மேல் வந்தது இல்லை. அது பழைய கோபம், என் மேல் எனக்கே உள்ளது. அதை உங்களிடம் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன். படிக்க அலுப்பாக இருந்தால் டீ குடித்துவிட்டு வந்து படியுங்கள்.

நான் பாலக்கரைக்காரன். திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் ஆர்ட்டிஸ்ட் வேலை பார்த்தேன். அப்படி ஒரு வேலை இருந்தது. சுவரில் மாட்டும் சார்ட், ஆய்வு செய்கிறவர்களின் ஆய்வேட்டில் சேர்க்கும் படங்கள், பேராசிரியர்கள் எழுதும் புத்தகங்களுக்கான படங்கள் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். தவளையின் வயிறு, கரப்பான்பூச்சியின் வாய், மீனின் செதில் என்று எது வந்தாலும் வரைவேன். சங்கு, சிப்பி என்றால் மட்டும் முதலில் உதறல்தான்.

பார்க்க எளிமையாக இருக்கும், உட்கார்ந்தால் வராது. மேலே ஒரு கூம்பு, நடுவில் ஒரு தொப்பை, கீழே ஒரு வால் என்று போட்டுவிட்டு, அதன் மேல் வளையம் வளையமாகக் கோடு இழுப்பேன். பார்ப்பதற்கு முறுக்கு மாதிரி இருக்கும். ஒரு நாள் எங்கள் பரிசோதனைக்கூட அட்டெண்டர் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். சங்குகளைக் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்குவது அவர் வேலை. "அந்தக் கோடெல்லாம் என்னன்னு நினைச்சீங்க? டிசைனா?" என்று கேட்டார். "உள்ள இருக்கிற பூச்சி வளர வளர வாயை நீட்டி நீட்டிக் கட்டிக்கிட்டே வரும். ஒவ்வொரு கோடும் ஒரு காலத்துல அதோட வாய் விளிம்பா இருந்ததுங்க. இப்ப வாய் எப்படி வளைஞ்சிருக்கோ அப்படித்தான் கோடும் வளையணும்." அன்றிலிருந்து எனக்குச் சங்கு பிடிபட்டது. வாயிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போய், அது பிறந்த முனை வரைக்கும் கண்ணால் ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டுத்தான் பென்சிலைத் தொடுவேன்.

இப்படிப் பாடுபட்டு ஒரு பேராசிரியரின் புத்தகத்துக்கு முழுப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு சங்குகள் வரைந்தேன். அச்சகத்தில் ஃபிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். அச்சாகி வந்த தாளில் அத்தனை சங்கும் கண்ணாடியில் பார்த்தது போல மாறி நின்றது. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. பேராசிரியர் தாளை என் மேஜையில் விசிறி எறிந்தார்.

"என்னய்யா இது? கூம்பை மேல வச்சு, வாயை உன் பக்கம் திருப்பிப் பாரு. வாய் எந்தப் பக்கம் இருக்கு? வலது பக்கம்! கடல்ல கிடக்கிற எல்லாச் சங்கும் வலது பக்கந்தான்யா திறக்கும்! இடது பக்கம் திறந்துச்சுன்னா படம் புரண்டு போச்சுன்னு அர்த்தம்!"

அவர் சொன்னதில் கொஞ்சம் மிகை இருந்தது. இடது பக்கம் திறக்கும் வகைகளும் உண்டு. வலது பக்கம் திறக்கும் வகையிலேயே அபூர்வமாக ஒன்று மாறிப் பிறப்பதும் உண்டு. அது அவருக்கும் தெரியும். கோபத்தில் யார் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? நான் ஒரு தாளில் 'வாய் வலது' என்று எழுதி மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். அதற்குப் பிறகு எந்தப் படத்தில் வாய் இடது பக்கம் இருந்தாலும் அது என் கண்ணுக்குச் சங்காகவே தெரியாது, தப்பாகத்தான் தெரியும். திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது இப்படித்தான் மண்டையில் உட்கார்ந்துகொள்கிறது. அதைச் சந்தேகப்படவே தோன்றாது.

சில வருடங்கள் கழித்து வளர்மதி வந்தாள். லால்குடி பக்கம் ஒரு கிராமம், நெல்லும் வாழையும் போடுகிற குடும்பம். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சங்குகளின் வடிவத்தைப் பற்றி எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். மண்டபம், தூத்துக்குடி என்று போய்ச் சாக்குப்பையில் சங்கு கொண்டுவருவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாற்றம் தாங்காமல் எழுந்து போய்விடுவார்களாம். "சீட்டு முழுக்க எனக்குத்தாங்க சார்" என்று சிரிப்பாள்.

அவளுடைய ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம்தான் முக்கியம். சாதாரணச் சங்குகளோடு ஒரு வலம்புரிச் சங்கை ஒப்பிட்டு எழுதியிருந்தாள். நல்ல வலம்புரி கிடைக்குமா என்ன? கடைகளில் வலம்புரி என்று விற்பதில் பாதி வேறு கடலிலிருந்து வரும் வேறு சாதி. அலைந்து திரிந்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் அசல் வலம்புரி இருப்பதாகத் தெரிந்துகொண்டாள். பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்கிற சங்கு. நாலு தடவை நடந்து, ஐந்தாம் தடவை சம்மதம் வாங்கினாள். அந்த அத்தியாயம்தான் ஆய்வேட்டையே தாங்கி நின்றது. அந்த ஆய்வேட்டை நம்பி ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் கையில் வந்ததும் சேர்ந்துகொள்ளலாம் என்று வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். ஊரில் அவள் அப்பா இதற்குள் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார்.

ஒரு காலை நானும் அவளும் டவுன் பஸ் பிடித்துச் சித்திரை வீதிக்குப் போனோம். வீட்டுப் பெரியவர் நெற்றி நிறையத் திருமண்ணோடு வாசலுக்கே வந்தார்.

"வாங்கோ, உள்ளே வாங்கோ. சங்கைத் தொடப்படாது. ஃபோட்டோவும் வேண்டாம். பார்த்து வரைஞ்சுக்கோங்கோ, அதுக்கு ஆட்சேபணை இல்லே" என்றார்.

"ஃபோட்டோன்னா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுங்க சுவாமி" என்றேன் நான்.

"அதான் வேண்டாங்கறேன். ரெண்டு நிமிஷத்துல எடுத்துண்டு போறது எனக்குப் பிடிக்கலே. வரையறதுன்னா ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும். அது சேவிக்கறாப்பல."

வெள்ளித் தட்டில் சங்கை வைத்து அவரே கையால் திருப்பித் திருப்பிக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் சாய்ங்க", "கூம்பு மேல வரட்டும்" என்று நான் சொல்லச் சொல்ல, சலிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற சங்குதான், பால் நிறம். வாயின் உள்ளே லேசாக ஒரு சிவப்பு. இத்தனை வருடம் தண்ணீர் ஊற்றி ஊற்றி விளிம்பெல்லாம் வழவழப்பாக இருந்தது. டிரேசிங் தாளில் வேகமாகப் பென்சில் ஓட்டினேன். வளர்மதி அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தாள். "திருவாராதனத்துக்கு நாழியாறது" என்று மாமி உள்ளேயிருந்து குரல் கொடுத்ததும் எழுந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வலம்புரி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. உயர்ந்தது, கிடைக்காதது, கும்பிடுகிறது என்றெல்லாம் தெரியும். எந்த விதத்தில் அது வலம், எதிலிருந்து அது மாறுபடுகிறது என்று தெரியாது. ஸ்ரீரங்கத்துக்கு ஆற்றைத் தாண்டினால் வந்துவிடுகிற ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு, அதுவும் விலங்கியல் துறையில் சங்கு வரைகிறவன், வலம்புரி என்றால் என்னம்மா என்று ஒரு மாணவியிடம் கேட்பதா? வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள், அதனால் சொல்லவில்லை. அவள் நினைப்பதைக் கெடுப்பானேன் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டு வந்தோம். எல்லாம் பேசினோம், இதைத் தவிர.

அன்று மாலையே டிரேசிங் தாளின் பின்பக்கத்திலும் அதே கோடுகளைப் பென்சிலால் ஓட்டினேன். அப்போதுதான் தாளை அட்டையின் மேல் வைத்துத் தேய்த்தால் படம் அட்டையில் இறங்கும். இப்போது தாளின் இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி கோடு. ஓரத்தில் 'மேல்' என்று எழுதிவைப்பது என் வழக்கம். அன்றைக்கு எழுதவில்லை. நாளைக்கே மை போட்டுவிடப் போகிறோம், எதற்கு என்று விட்டுவிட்டேன். மறுநாள் துறைத்தலைவர் ஒரு கருத்தரங்குக்கு இருபது சார்ட் கேட்டார். சங்குத் தாள் டிராயருக்குள் போனது.

மூன்று வாரம் கழித்து வெளியே எடுத்தேன். மறுநாள் பைண்டிங், அதற்கு அடுத்த நாள் ஆய்வேடு சமர்ப்பிக்கக் கடைசி நாள். வளர்மதி ஊரில் இருந்தாள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. அவர்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. அவள் எழுதிய பக்கங்கள் முன்பே பைண்டரிடம் போய்விட்டன. தாளை இந்தப் பக்கம் வைத்தால் வாய் இடது, அந்தப் பக்கம் வைத்தால் வாய் வலது. எது முன்பக்கம்?

கண்ணை மூடினால் அந்தப் பெரியவரின் கையும் சங்கும் தெரிந்தது. வாய் இடது பக்கம்தான் தெரிந்தது. கேளுங்கள், என் கண்ணுக்குச் சரியாகத்தான் ஞாபகம் இருந்தது. ஆனால் எதிரே சுவரில் 'வாய் வலது' என்று நான் எழுதிய தாள். இடது என்றால் தப்பு என்று மண்டைக்குள் பேராசிரியரின் குரல். போதாக்குறைக்கு வளர்மதி எழுதிவைத்துப் போயிருந்த சீட்டு: 'வலம்புரி, கவனமாகப் போடுங்கள் சார்.' வலம்புரி! வலம்! அப்புறம் என்ன, வலது பக்கந்தான் என்று முடிவு கட்டினேன். விலங்கியல் புத்தகத்தில்கூட வாய் வலது பக்கம் திறந்தால் வலச்சுழி என்றுதானே போட்டிருக்கிறது.

புத்தகமும் நம் ஊரும் சங்கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. விலங்கியலில் கூம்பு மேலே. நம் மரபில் கூம்பு கீழே. அதனால் புத்தகம் வலச்சுழி என்று சொல்கிற சாதாரணச் சங்கு நமக்கு இடம்புரி. நாம் வலம்புரி என்று கும்பிடுவது புத்தகத்தில் இடச்சுழி. கூம்பை மேலே வைத்து வரைந்தால் வலம்புரியின் வாய் இடது பக்கம்தான் இருந்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் சங்கு விற்கிற கடைக்காரர் யாரைக் கேட்டாலும் ஒரு நிமிடத்தில் கையில் பிடித்துக் காட்டியிருப்பார்.

அதே மேஜையில் நான் வரைந்த அவளுடைய சாதாரணச் சங்குகள் கிடந்தன. எல்லாம் வலது பக்கம் திறந்தவை. இதுவும் வலது பக்கம் என்றால் இதில் என்ன அபூர்வம் என்று கேட்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. தோன்றியும் அமுக்கிவிட்டேனோ, இப்போது சொல்லத் தெரியவில்லை. பஸ் ஏறிச் சித்திரை வீதிக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், பாலம் முழுக்க ஜனம், இந்த நெரிசலில் போனால் அவர்கள் சங்கை வெளியே எடுப்பார்களா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மை போட்டேன். அருமையாக வந்தது. நான் வரைந்ததிலேயே நல்ல சங்கு அதுதான், என்ன செய்ய.

ஊரிலிருந்து ஓடி வந்த வளர்மதி, பைண்டிங் ஆன புத்தகத்தின் அட்டையில் பொன்னெழுத்தில் இருந்த தன் பெயரைத் தடவிப் பார்த்தாள். உள்ளே புரட்ட நேரம் இல்லை. "நீங்க போட்டா சரியாத்தாங்க சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

சில மாதம் போனது. வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்ததும், ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கிறாள், அந்தப் பெரியவரிடம் காட்டி நன்றி சொல்ல. அங்கிருந்து நேராக என் அறைக்கு வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"சார், மாமா படத்தைப் பார்த்துட்டு, 'இது எங்காத்துச் சங்கு இல்லையேம்மா, கடையில விக்கிறதுன்னா இது'ன்னு கேட்டாங்க. மாமி வந்து பார்த்துட்டு உள்ள போயிட்டாங்க. வாய் மாறியிருக்குங்க சார். நான் எழுத்துல இடதுன்னு எழுதியிருக்கேன், படத்துல வலதா இருக்கு."

அவள் அங்கேயே ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கையில் பிடித்து விளக்கினாள். அப்போதுதான் எனக்கு வலம்புரி என்றால் என்னவென்று தெரிந்தது.

"பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிடலாங்களா சார்? கைடு சார்கிட்ட நீங்களும் வந்து சொன்னீங்கன்னா போதும்" என்றாள்.

அவ்வளவுதான். நாலு வரிச் சீட்டு, கொஞ்சம் பசை. நம் தொழிலில் தப்பு நடப்பது சகஜம். அதற்காகத்தானே பிழைதிருத்தம் என்று ஒன்றைக் கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் என் ஃபைல் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரின் மேஜையில் இருந்தது. ஒன்பது வருடம் தற்காலிகமாக இருந்த என்னை நிரந்தரம் ஆக்கப் பரிந்துரை செய்கிற ஃபைல். முன்பு தாளை விசிறி எறிந்த அதே மனிதர்தான் அவர். மறுபடியும் சங்கு, மறுபடியும் வாய் மாறியது என்று போய் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்தப் பெண்ணின் நாலு வருடம் இரண்டாவதாகக்கூடத் தோன்றவில்லை.

"விடும்மா," என்றேன். "இவ்வளவு தடிமன் புத்தகத்துல யாரு இந்த ஒரு படத்தை உத்துப் பார்க்கப் போறா? சீட்டு ஒட்டினாத்தான் கண்ணை உறுத்தும். இல்லாத சந்தேகத்தை நாமளே கிளப்பின மாதிரி ஆயிடும்."

"அப்படிங்களா சார்?" என்று கேட்டாள். என்னை நம்பித்தான் கேட்டாள். பிரதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேர்வு நாளன்று துறைக் கூடத்தில் நாற்பது, ஐம்பது பேர். புரொஜெக்டரில் படம் போட்ட பிளாஸ்டிக் ஷீட்டுகளை மாற்றுவது நான். வளர்மதியின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நிதானமான மனிதர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார். எல்லாம் நன்றாகப் போனது. கடைசி அத்தியாயத்துக்கு வந்தார், பக்கத்தைப் புரட்டினார், நின்றார்.

"இது வலம்புரியாம்மா?"

"ஆமாங்க சார்."

"எழுத்துல வாய் இடதுன்னு போட்டிருக்கீங்க, அது சரி. படத்துல வலது பக்கம் திறந்திருக்கு. இது சாதாரணச் சங்கு. ஃபோட்டோவும் இல்லை. நீங்க நிஜமாவே அந்தச் சங்கைப் பார்த்தீங்களா? இல்ல, எங்கேயோ படிச்சதை எழுதிட்டு, கையில இருந்த ஒரு சங்கை வரைய வச்சீங்களா?"

அந்த ஷீட் புரொஜெக்டரில் என் கைக்குக் கீழேதான் இருந்தது. அதைப் புரட்டி வைத்தால் திரையில் சங்கு சரியாகிவிடும். என் கை போனது. புத்தகம் அவர் கையில் இருக்கிறதே என்று கை திரும்பி வந்தது. எழுந்து, "படம் போட்டவன் நான், தப்பு என்னோடது, அந்தச் சங்கை நானும் பார்த்தேன்" என்று சொல்ல எனக்கு என்ன கேடு? வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பீர்கள். கொழுக்கட்டைதான். வழிகாட்டிப் பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளர்மதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஷீட்டுகளை அடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"தப்பு என்னோடதுதாங்க சார்," என்றாள் அவள். "சங்கைப் பார்த்தேங்க. படத்தைச் சரிபார்க்காம விட்டுட்டேன்."

"பார்த்ததுக்கு என்னம்மா ஆதாரம்?"

அந்த அத்தியாயத்தைத் தக்க ஆதாரத்தோடு திருத்தி, ஆய்வேட்டை மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வளர்மதி ஸ்ரீரங்கத்துக்கு இரண்டு முறை போய் நின்றாள். "ஒரு தடவை நம்பினோம்மா. எங்காத்துச் சங்கைச் சந்தையில விக்கிற சங்குன்னு புஸ்தகத்துல போட்டாச்சு. இனிமே அதைப் பத்திப் பேச வேண்டாம்" என்று பெரியவர் கும்பிட்டு அனுப்பிவிட்டார். கல்லூரி வேலை வேறு யாருக்கோ போனது. கிராமத்தில், அந்தப் பெண் பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டதாம் என்று பேச்சு. அதற்குப் பிறகு அவள் துறைப் பக்கம் வரவில்லை. ஆய்வேடு அப்படியே நின்றது.

நான் நிரந்தரம் ஆனேன். அந்த மாதமே கையெழுத்து ஆனது. துறையில் கேக் வெட்டினார்கள். நானும் சாப்பிட்டேன்.

பேராசிரியரிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவர் ஓய்வுபெற்றுப் போனார். பிறகு காலமானார். சொல்ல வேண்டிய ஆட்கள் ஒவ்வொருவராகப் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால்தான் உங்களிடம் கத்துகிறேன். படத்தைத் திருப்பும் முன் எதற்காக அதை வரைகிறோம் என்று கேளுங்கள். தெரியாததை, வாய்கூசாமல், உங்களைவிடச் சின்னவரிடமும் கேளுங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே எழுந்து நின்று சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால் அது ஒரு நாளும் வராது. இதில் எதையும் நான் செய்யவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "ஆர்ட்டிஸ்ட் சார்தானுங்களே?" என்று ஒரு குரல். தலை நரைத்த ஒரு பெண், கையில் இரண்டு பை. மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று கத்திக்கொண்டு போனார்கள். நாங்கள் ஓரமாக ஒதுங்கினோம். குரலை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. எடமலைப்பட்டி புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறாளாம். கல்யாணம் ஆகி, பையன் வேலைக்குப் போய்விட்டானாம். சிரித்துத்தான் பேசினாள்.

"வளர்மதி, அன்னிக்கு நான் வாயைத் திறந்திருக்கணும்மா" என்றேன். வெங்காயக் கடை முன்னால், அத்தனை கூச்சலில், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விடுங்க சார். எத்தனை வருஷம் ஆச்சு."

"நீயாவது என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக் கூடாதுன்னு இல்லைங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். நீங்க குனிஞ்சுட்டீங்க. உங்க ஃபைலு விஷயம் எனக்கும் தெரியுங்களே." பிறகு பையைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா சார்? ரொம்ப நாளா யார்கிட்டயாவது கேக்கணும்னு இருந்தேன்."

"கேளும்மா."

"அது வலம்புரிதானே சார்? வகுப்புல சங்கு பாடம் வரும்போதெல்லாம் எனக்கே சந்தேகமாப் போயிடுதுங்க. நான்தான் தப்பாப் பார்த்துட்டு, ஆசையில எழுதிட்டு, எல்லாரையும் அலைக்கழிச்சிட்டேனோன்னு. அந்த மாமாவும் மாமியும் இப்ப இல்லை. வீட்டையும் வித்துட்டாங்களாம். அந்தச் சங்கைப் பார்த்தது இப்ப நாம ரெண்டு பேருதான். உங்களை விட்டா கேக்க ஆள் இல்லைங்க."

"வலம்புரிதாம்மா," என்றேன். "வாய் இடது பக்கம். நீ பார்த்தது சரி. நானும் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வார்த்தைதாங்க சார் அன்னிக்கு வேண்டியிருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.